விட்டுப் படித்த பக்கம்

நான் என்ன எழுதுகிறேன் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். "கதையா?" என்பார்கள். இல்லை, நடந்ததைத்தான் எழுதுகிறேன். "அப்போ பேப்பர் நியூஸ் மாதிரியா?" அதுவும் இல்லை. ஒரு மனுஷனோடு மாதக்கணக்கில் பழகி, அவர் சொன்னதைக் கேட்டு, சொல்லாததை நாலு பேரிடம் விசாரித்து, கதை படிக்கிற ருசியோடு, ஆனால் ஒரு சொல்கூட இட்டுக்கட்டாமல் எழுதுவது. இதை விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் செல்போனை நோண்ட ஆரம்பித்திருப்பார். என் வீட்டுக்காரர் தன் வங்கி சிநேகிதர்களிடம், "இவ ஊர் வம்ப ஆதாரத்தோட எழுதறவ" என்று அறிமுகப்படுத்துவார். அட, அதுகூடப் பரவாயில்லை.

கல்யாணமாகிக் கோவில்பட்டியிலிருந்து புனேவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இவ்வளவு காலமும் இந்த ஊர்த் தமிழர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்து அங்கேயே மூன்று தலைமுறையாகத் தங்கிவிட்ட குடும்பங்கள், போசரிப் பட்டறைகளில் விரலைப் பறிகொடுத்தவர்கள், விமான் நகர் ஓட்டல்களில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்கள். எழுதியது சென்னையில் அச்சாகும், அங்கே யாரோ படிப்பார்கள். யாரைப் பற்றி எழுதினேனோ அவர்கள் படிக்க மாட்டார்கள். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது இந்தியோ மராத்தியோ இங்கிலீஷோ. தமிழ் எழுத்து அவர்களுக்கு வாசலில் போட்ட கோலம் மாதிரி. அழகாக இருக்கிறது என்பார்கள், அவ்வளவுதான்.

அதனால் நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யாரைப் பற்றி எழுதினாலும், அச்சுக்குப் போகும் முன் அவர் வீட்டுக்குப் போய் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். அவர் "ஹான், சரிதான்" என்று சொன்னால்தான் அனுப்புவேன். மேடையில் பேசக் கூப்பிட்டால் இதைப் பெருமையாகச் சொல்வேன். என் எழுத்துக்கு முதல் வாசகர் அந்த மனிதர்தான் என்பேன். வாசகராவது, மண்ணாவது! அவர்கள் கேட்டது நான் படித்ததை. காகிதத்தில் இருந்ததை அல்ல. இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க இத்தனை வருடமும் ஒரு நல்ல மனுஷனும் தேவைப்பட்டார்கள்.

அவரைப் பஸ் அண்ணன் என்றுதான் கட்கியில் எல்லாரும் கூப்பிடுவார்கள். ரஞ்சன்காவ் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். ஆம்பூர் பக்கத்துக் குடும்பம், ஆனால் பிறந்ததே கட்கியில். இந்திப் பள்ளியில் ஏழாவது வரை. பஸ்ஸுக்கு முன்னால் போசரியில் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் விட்ட கதை அந்தத் தெருவில் எல்லாருக்கும் மனப்பாடம். பக்கத்து மெஷின்காரருக்கு விரல் கிழிந்துவிட்டது. சூப்பர்வைசர் வந்து, ரத்தம் செய்துவைத்த பார்ட்டில் படுகிறது என்று அந்த ஆளைத் திட்டியிருக்கிறார். நம் அண்ணன் கையுறையைக் கழற்றி சூப்பர்வைசர் மூஞ்சியிலேயே விட்டெறிந்து, "ஒன் வேலைய நீயே வச்சிக்கோ" என்று கேட்டைத் தாண்டி வந்துவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டில், கணபதி மண்டபத்தில், எங்கே நாலு பேர் கூடினாலும், "அண்ணே, அந்தக் கையுறை மேட்டர சொல்லு" என்பார்கள். அவரும் எழுந்து நின்று எறிந்து காட்டுவார்.

என் புத்தகத்தின் நடு அத்தியாயம் இவர்தான். வழக்கப்படி விசாரிக்கப் போனேன். அந்தப் பட்டறையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மராத்திக்காரர் போசரியில் இருந்தார். கையுறையை எறிந்தது உண்மை என்றார். ஆனால் மறுநாள் காலையே அவர் கேட்டில் வந்து நின்றார் என்றார். மூன்று நாள், மழையில், கையில் சாப்பாட்டு டப்பாவோடு. மூன்றாம் நாள் உள்ளே கூப்பிட்டு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நாலாம் நாள் வந்து பார்த்தால் அவருடைய வருகை அட்டை ராக்கில் இல்லை. கூட வேலை பார்த்த இன்னொருவரும் இதையேதான் சொன்னார்.

அந்த மூன்று நாளை நான் ஒன்றரைப் பக்கத்தில் எழுதினேன். இதுவரை நான் எழுதியதிலேயே நல்ல ஒன்றரைப் பக்கம் அதுதான். பொய் அடக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. சென்னையில் என் பதிப்பாசிரியர் போனில், "இந்தப் பக்கம்தாங்க புத்தகமே. மத்ததெல்லாம் இதுக்கு வாசப்படி" என்றார். எனக்கு நாலு நாள் கால் தரையில் படவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்துக் காட்டப் போனேன். போனால், வீடு நிறைய ஜனம்! அண்ணி பட்டுப்புடவையில் நிற்கிறார். அக்கம்பக்கம், அண்ணனின் தம்பி குடும்பம், பஸ்ஸில் வரும் ரெண்டு ஃபிட்டர்கள். பெரிய பாத்திரத்தில் போஹா, நம்ம அவல் உப்புமாதான், கிளறி வைத்திருந்தார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நாற்காலியில். பக்கத்தில் அவருடைய ஒரே மகள். விமான் நகரில் ஓட்டல் வரவேற்பறையில் வேலை, அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

படித்தேன். நான் நன்றாகப் படிப்பேன், ஏற்ற இறக்கத்தோடு. கையுறை வந்தது, ஃபிட்டர்கள் விசிலடித்தார்கள். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். "மறுநாள் காலை அவர் மீண்டும் அதே கேட்டில் நின்றார்" என்று ஆரம்பிக்கிறது. மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன், குனிந்தேன். "அவர் திரும்பிப் பார்க்கவில்லை" என்றேன். காகிதத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டி, ரஞ்சன்காவ் பஸ்ஸில் அவர் ஏறும் இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கைதட்டினார்கள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தட்டில் இன்னொரு கரண்டி போஹா போட்டார். அண்ணன், "ஹான், கரெக்டா கீது தங்கச்சி. அனுப்பிடு" என்றார்.

நான் கிளம்பும்போது மகள் தெருமுனை வரை வந்தாள்.

"ஆன்ட்டி, நான் தமிழ் படிக்க கத்துக்கறேன். போன்ல ஒரு ஆப் இருக்கு. புக் வந்ததும் நானே பப்பாவுக்கு ஃபுல்லா படிச்சுக் காட்டணும். சர்ப்ரைஸ், சொல்லிடாதீங்க."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன்.

அச்சுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் நான் வீட்டில் உட்கார்ந்த நேரம் குறைவு. அலமாரியை ஒழித்தேன், ஒழித்ததைத் திரும்ப அடுக்கினேன். காய்கறி வாங்கப் போய்ச் சும்மா திரும்பி வந்தேன். சிட்டி பஸ்ஸில் ஏறி, இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி டெப்போ வரைக்கும் போய் உட்கார்ந்திருந்தேன். "கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் மேல் எரிந்து விழுந்தேன், பாவம்.

எல்லாவற்றுக்கும் அந்தப் பெண்தான் காரணம். ரெண்டு நாளைக்கு ஒருமுறை வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்புவாள், தன் கையால் எழுதியது. முதல் படத்தில் "அப்பா". அடுத்ததில் "பஸ்", மேல் புள்ளிகூடச் சரியாக. பிறகு "எங்க வீடு கட்கி". ஒரு வாரத்தில் மளிகைப் பொட்டலத்தின் மேல் இருந்ததைப் படித்துக் குரல் பதிவு அனுப்பினாள், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுத் தடுமாறி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த ஆர்வம் இவளுக்கு நாலு நாளில் ஓய்ந்துவிடாதா என்று நான் வேண்டிக்கொண்டேன். தமிழுக்கு யாருமே இல்லை என்று ஊரெல்லாம் புலம்பிய வாய் என்னுடையது. ஒரே ஒருத்தி படிக்க வருகிறாள், அவள் வராமல் போகட்டும் என்று நினைக்கிறேன். சே, என்ன பிறவி!

அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். எடுத்தால் அத்தியாயம் பொய். எடுக்காவிட்டால், மகள் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்து, தன் அப்பா கேட்டில் மன்னிப்புக்கு நின்றதை அப்பாவிடமே படித்துக் காட்டுவாள். பதிப்பாசிரியருக்குப் போன் செய்து, எடுத்துவிடலாமா என்று இழுத்தேன். "அவங்கதான் கேட்டுட்டு ஓகே சொல்லிட்டாங்கன்னு சொன்னீங்களே, மேடம்?" என்றார். ஆமாம் என்று போனை வைத்துவிட்டேன். அண்ணனின் மானத்தைக் காப்பாற்றத்தான் விட்டுப் படித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான். அந்த அறையில் எனக்கு விழுந்த கைதட்டலைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. அண்ணனும் அண்ணியும் என்னைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள், அதை விட முடியவில்லை. அதுதான் நிஜம்.

அச்சுக்கு நாலு நாள் இருக்கும்போது மகள் ஒரு முழுப் பக்கத்தைத் தடங்கலில்லாமல் படித்து அனுப்பினாள். என் பழைய கட்டுரை ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறாள். அதை முழுசாகக் கேட்காமலேயே செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அகமத்நகர் சாலையில் பஸ் பிடித்து ரஞ்சன்காவ் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. காலை ஷிப்டை இறக்கிவிட்டு, மாலை திரும்ப ஏற்றும் வரை கம்பெனி பஸ்கள் வெளியே ஒரு மைதானத்தில் வரிசையாக நிற்கும். அண்ணன் தன் பஸ்ஸின் கடைசி நீள சீட்டில் துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"இன்னா தங்கச்சி, இவ்ளோ தூரம்? வீட்ல எதுனா...?"

"வீட்டுல ஒண்ணுமில்லண்ணே. அன்னைக்கு வாசிச்சேன்லா, அதுல ஒரு பக்கத்த விட்டுட்டேன்."

அவர் சிரித்தார். "பேப்பர் ஒட்டிகிச்சா? அதுக்கு இன்னாத்துக்கு வெயில்ல வந்தே? ஒரு போன் பண்ணா போதாதா?"

"ஒட்டல. தெரிஞ்சேதான் விட்டேன்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "சரி, படி" என்றார். பஸ் உள்ளே அனல் அடித்தது. ஏற்ற இறக்கமெல்லாம் இல்லாமல், செய்தி வாசிப்பது போல ஒன்றரைப் பக்கத்தையும் படித்தேன். கேட், மழை, டப்பா, மன்னிப்புக் கடிதம், ராக்கில் இல்லாத அட்டை. என் கால் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தது. முடித்துவிட்டு நான் தலையைத் தூக்கவில்லை.

"யார் சொன்னது?" என்று கேட்டார். சொன்னேன்.

"அவங்க சொன்னது பொய் இல்ல. ஆனா பாதிதான். ஏன் தங்கச்சி, நாலு பேர்கிட்ட கேட்டியே, என்கிட்ட ஒரு தபா கேட்டிருக்கலாம் இல்ல?"

அவர் சொல்லத் தயங்குவார், அவமானப்படுவார் என்று நானே முடிவு செய்திருந்தேன். விசாரிப்பதில் புலி என்று பேர் வாங்கியவள், எதிரில் இருந்த மனுஷனை மட்டும் கேட்கவில்லை.

"மன்னிப்பு கேட்டதுக்கு எனக்கு இன்னா வெட்கம்?" என்றார் அவர். "வீட்ல ஒரு வயசு பாப்பா. நூறு தபா கூட கேட்பேன். அந்தப் பேப்பர் இங்கிலீஷ்ல டைப் அடிச்சது. எனக்கு இங்கிலீஷ் வராது. ஆபீஸ்ல ஒக்காந்துகினு இருந்த ஆளு ஹிந்தியில படிச்சு சொன்னான். தப்பா நடந்துகினேன், மாஃப் பண்ணுங்க, இனிமே இப்பிடி செய்ய மாட்டேன். அவ்ளோதான், சைன் பண்ணுன்னான். பண்ணேன். கீழ இன்னொரு லைன் இருந்துச்சாம். நானா விருப்பப்பட்டு வேலைய உட்டுட்டு போறேன்னு. அத அவன் படிக்கவே இல்ல. மறுநா யூனியன் ஆளு காட்டுனப்பதான் எனக்கே தெரியும்."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ஏமாந்தேன் பாரு, அதான் தங்கச்சி வெளிய சொல்ல முடியல. படிக்கத் தெரியாத பயன்னு ஒருத்தன் வச்சு செஞ்சுட்டான். சண்ட போட்டு வந்தேன்னு சொன்னா நாலு பேர் தட்டிக் குடுப்பான். அப்பிடியே சொல்லிகினு வந்துட்டேன்."

பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அவனும் உன்ன மாதிரிதான். நல்லா ஏத்தி எறக்கி படிச்சான்."

அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கொன்றும் கூச்சமில்லை. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் வாங்கவில்லை. அந்தப் பக்கத்தையே கிழித்துவிடுகிறேன் அண்ணே, அத்தியாயமே வேண்டாம், புத்தகமே வேண்டாம் என்று உளறினேன்.

"கிழிச்சா மட்டும்? எழுதறதா இருந்தா முழுசா எழுது. அந்த லைனயும் எழுது. நீ உட்டுப் படிச்சதையும் எழுது." பாட்டிலை என் பக்கத்தில் வைத்தார். "ஆனா நீ வந்து படிச்சு காட்டாத. பாப்பா படிக்கட்டும். அது தமிழ் கத்துகினு இருக்குது, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு இருக்குது. அது படிச்சு நான் கேட்டப்புறம் சொல்றேன், போடலாமா வேணாமான்னு."

பதிப்பாசிரியரிடம் அச்சை நிறுத்தச் சொன்னேன். "அச்சகத்துல தேதி வாங்கியாச்சுங்க, இப்போ போய்..." என்று குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டேன். எத்தனையோ வருடமாக நானே கெஞ்சி அந்தப் பதிப்பகத்தில் வாங்கிய இடம் அது, கைவிட்டுப் போனாலும் போகட்டும். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். உட்கார்ந்து என்று சொல்வது தப்பு. ரெண்டு வரி எழுதுவேன், எழுந்து மாடிக்கும் கேட்டுக்கும் நடப்பேன், திரும்ப வருவேன். நல்ல வாக்கியமாக வந்ததையெல்லாம் அடித்தேன். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்ததையும், போஹாவையும் கைதட்டலையும் சேர்த்து எழுதினேன். படிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போனேன்.

இந்த முறை கூட்டம் இல்லை. அண்ணன் பனியனோடு நாற்காலியில், அண்ணி அடுப்படி வாசலில் முட்டியைக் கட்டிக்கொண்டு, மகள் தரையில் சப்பணமிட்டு. காகிதங்களை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் கதவோரம் உட்கார்ந்தேன்.

அவள் விரலை வைத்துப் படித்தாள். ஒரு பக்கத்துக்கே வெகுநேரம் ஆனது. "கையுறை" என்ற சொல்லில் றகரத்துக்கு முன்னால் திணறி நின்றாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. எடுத்துக் கொடுக்கப் போனேன்.

"நீ சும்மா இரு தங்கச்சி" என்றார் அண்ணன். "அதுவே படிக்கும்."

படித்தாள். கையுறையைத் தாண்டினாள். மறுநாள் காலை அவர் மீண்டும் அதே கேட்டில் நின்றார் என்று எழுத்துக் கூட்டினாள். குரல் லேசாக மாறியது, ஆனால் நிற்கவில்லை. மழை, டப்பா. அண்ணி முட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஆபீஸ் அறை வந்தது, இங்கிலீஷ் காகிதம் வந்தது, கையெழுத்து வந்தது. அதற்கு அடுத்த வரியில் விரலை வைத்தவள் மனசுக்குள் முதலில் படித்துப் பார்த்திருக்க வேண்டும். சத்தமே வரவில்லை. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அன்றைக்கு நான் நிமிர்ந்து பார்த்தது எனக்கு நினைவு வந்தது.

அடுப்படி வாசலிலிருந்து அண்ணி, "இன்னாவோ நடந்திருக்குது... எங்கிட்ட கூட சொல்லலியே நீ" என்றார்.

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "அதான் இப்ப படிக்குதே, கேளு" என்றார். பிறகு மகளிடம் குனிந்தார்.

"நிறுத்தாத பாப்பா. ஒரு லைன் கூட உடாத."